சினைமுட்டை கண்ட வரலாறு

நம் இலக்கிய வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் நடந்த ஒரு மாதக் கூட்டம் இன்றும் என் நினைவில் நிற்கிறது. தாய்மையைப் பாடுபொருளாகக் கொண்ட கவியரங்கம் அது. மரபில் தேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர், பெண்ணை நிலமாகவும் ஆணை அந்நிலத்தில் விதைக்கும் உழவனாகவும் உருவகித்துப் பன்னிரண்டு விருத்தங்கள் பாடினார். சந்தம் துள்ளியது, எதுகை தானாக வந்து விழுந்தது. அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். அந்த உருவகம் உயிரியல் நோக்கில் அடியோடு பிழை என்பது, வீடு திரும்பும் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது.

நிலம் விதைக்கு இடம் தரும். நீரும் உரமும் தரும். ஆனால் விளைகின்ற நெல்லில் நிலத்தின் சாயல் இராது. மக்களிடமோ தாயின் சாயல் பாதிக்குப் பாதி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. விதை என்பதே செடியின் சூலும் மகரந்தமும் கூடிய பின்னர் உண்டாவது. அதாவது விதை, ஆணின் பங்கு மட்டுமன்று. அது ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தை. உருவகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தவில்லை.

கவிதையில் ஒரு பிழை நேர்ந்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா என்று நண்பர்கள் கேட்கலாம். கவிழாதுதான். ஆயினும், இந்த ஒரே உருவகம் உலகின் கூர்த்த மதியினர் பலரது கண்ணை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மறைத்திருக்கிறது என்பது வரலாறு. அவ்வரலாற்றைக் கவிஞர் அவைக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒரு புதிர். மனித உடலின் செல்களுள் மிகப் பருத்தவற்றுள் ஒன்று பெண்ணின் சினைமுட்டை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். கூரிய கண்ணுடையவர் நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணாலேயே அதை ஒரு தூசிப் புள்ளியாகக் காணலாம். ஆணின் விந்தணுவின் தலையோ 0.005 மில்லிமீட்டர் நீளமே உடையது. நுண்ணோக்கி இல்லாமல் அதைக் காண வழியே இல்லை. ஆனால் விந்தணுவை மனிதன் கண்டது 1677-இல். பாலூட்டியின் சினைமுட்டையைக் கண்டது 1827-இல். பெரியது, சிறியதற்கு நூற்றைம்பது ஆண்டு பிற்பட்டே கண்ணில் பட்டது. ஏன்?

ஒரு காரணம் வெளிப்படை. விந்து உடலுக்கு வெளியே வருவது. சினைமுட்டையோ உடலின் உள்ளே, சினைப்பைக்குள், நீர் நிறைந்த கொப்புளத்தின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருப்பது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் நம்புவதற்கில்லை. இல்லை என்று முடிவு கட்டிவிட்ட ஒன்றை எவரும் தேடுவதில்லை.

கி.மு. 458-இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறியது ஈஸ்கிலஸின் 'யூமெனிடீஸ்' என்னும் நாடகம். தாயைக் கொன்ற ஓரெஸ்டஸ் வழக்கு மன்றத்தில் நிற்கிறான். அவனுக்காக வாதாடும் அப்பல்லோ தேவன், தாய் என்பவள் உண்மையில் பெற்றவளே அல்லள், ஆண் இட்ட வித்தைக் காத்து வளர்க்கும் செவிலி மட்டுமே என்று வாதிடுகிறான். தாய்க்கொலை இரத்த உறவைக் கொன்ற குற்றம் ஆகாது என்பது அவன் கட்சி. வாக்குகள் இருபுறமும் சமமாக விழ, ஓரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான். ஓர் உருவகம் வழக்கையே வென்றது.

அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதனைத் தத்துவமாக்கினார். கோழி முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துக் கருவின் வளர்ச்சியைக் கண்ட பேரறிஞர் அவர். ஆயினும் பெண் தருவது பொருள், அதாவது மாதவிடாய்க் குருதி. ஆண் தருவது உருவம் என்றார். தச்சனின் உடம்பிலிருந்து எதுவும் கட்டிலில் சேர்வதில்லை; மரத்துக்கு வடிவம் தருவது மட்டுமே தச்சன் வேலை. விந்தின் வேலையும் அதுவே என்பது அவர் காட்டிய உவமை. பின்வந்த காலென் என்னும் மருத்துவர் பெண்ணுக்கும் ஒரு விந்து உண்டு என்று சற்று இறங்கிவந்தார். அதற்கேற்பச் சினைப்பையை அவர் 'பெண்ணின் விதைப்பை' என்றே அழைத்தார். அந்தப் பெயர் பதினேழாம் நூற்றாண்டு வரை நிலைத்தது.

நம் நாட்டு நிலையையும் ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும். பெண்ணை வயலென்றும் ஆணை வித்தென்றும் மனுநூல் தன் ஒன்பதாம் அத்தியாயத்தில் வகுக்கிறது. மருத்துவ நூல்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. சுக்கிலமும் சுரோணிதமும் கலந்தே கரு உண்டாகும் என்றன. பெண்ணுக்குச் சரிபங்கு தந்தன. ஆனால் அந்தப் பங்கு குருதியாக இருந்ததேயன்றி முட்டையாக இல்லை. திருவாசகத்துப் போற்றித் திருவகவல் கருவின் வளர்ச்சியைத் திங்கள் திங்களாகத் தொடர்ந்து சொல்வதும், திருமந்திரம் கருவுற்பத்தியை விரித்துரைப்பதும் நாம் அறிந்தவையே.

தமிழ்மொழி இதில் ஒரு வியப்பான வேலையைச் செய்திருக்கிறது. 'சினை' என்னும் சொல் மீனின் முட்டைத்திரளையும் குறிக்கும். கருவுற்ற ஆட்டையும் மாட்டையும் 'சினையாக இருக்கிறது' என்கிறோம். இலக்கணத்திலோ சினை என்பது முதற்பொருளின் உறுப்பு; மரத்துக்குக் கிளை சினை. தாயின் ஓர் உறுப்பு பிரிந்து பிள்ளையாகிறது என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. இது ஆய்வு முடிபன்று. ஒரு வாத்தியாரின் மகிழ்ச்சி. அவ்வளவே.

வரலாற்றுக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிப் புகழ்பெற்ற வில்லியம் ஹார்வி, முதலாம் சார்லஸ் மன்னரின் மருத்துவர். மன்னர் வேட்டைப் பிரியர். அரச வனங்களில் வேட்டையாடப்பட்ட பெண்மான்களை ஹார்வி அறுத்துப் பார்த்தார். இணை சேர்ந்த பின் கருப்பையில் விந்தும் குருதியும் கட்டிக் கருவாகத் திரண்டிருக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் வழிவந்தோர் கொள்கை. ஹார்வி தேடினார்; ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் தேடியும் கருப்பை வெறுமையாகவே இருந்தது. மன்னருக்கும் காட்டினார். 1651-இல் வெளியான அவர் நூலின் முகப்புப் படத்தில், சீயஸ் கடவுள் கையிலுள்ள முட்டையைத் திறக்க, அதிலிருந்து பறவையும் பாம்பும் மானும் மனிதனும் வெளிவருகின்றனர். எல்லாம் முட்டையிலிருந்தே என்று இலத்தீனில் முட்டைமேல் பொறித்திருந்தது. முட்டை என்ற சொல்லை அரியணையில் ஏற்றியவர் ஹார்வி. ஆனால் அவர் முட்டையைக் கண்டாரில்லை. மானின் சினைப்பையில் இணைசேரும் பருவத்தில் மாற்றம் ஏதும் தென்படாததால், அந்த உறுப்புக்குக் கருவாக்கத்தில் வேலை இல்லை என்றே ஒதுக்கிவிட்டார். சரியான சொல்லைப் பிடித்தவர் சரியான இடத்தை விட்டுவிட்டார்.

இடத்தைச் சுட்டியவர்கள் அடுத்த தலைமுறையினர். 1667-இல் டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் ஸ்டென்சன், சுறாவினத்து மீன் ஒன்றை அறுத்தபோது, குட்டி போடும் உயிர்களின் 'பெண் விதைப்பை'யும் முட்டையிடும் உயிர்களின் முட்டைப்பையும் ஒன்றே என்று கூறினார். பெயர் மாறியது. ஐந்தாண்டுகள் கழித்து, ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ரெய்னியர் டி கிராஃப் என்னும் இளைஞர் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

டி கிராஃப் செய்த வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவரிடம் இருந்தவை கத்தியும் முயலும் பொறுமையும்தாம். இணை சேர்ந்த முயல்களை வெவ்வேறு கால இடைவெளிகளில் அறுத்தார். சினைப்பையில் இருந்த கொப்புளங்கள் உடைந்து, உடைந்த இடத்தில் மஞ்சட்கட்டிகள் தோன்றுவதைக் கண்டார். கட்டிகளை எண்ணினார், கருப்பையில் உள்ள குட்டிகளை எண்ணினார். இரண்டும் ஒத்தன. மூன்றாம் நாளில் கருக்குழாயில் மிகச் சிறிய உருண்டைகளைக் கண்டார். அவையே முட்டைகள் என்றார். சரி. ஆனால் ஒரு முரண் அவரைத் துரத்தியது. சினைப்பையில் முட்டை என்று அவர் கருதிய கொப்புளம் பெரிது. குழாயில் இறங்கிவந்த முட்டையோ அதைவிடப் பன்மடங்கு சிறிது. பெரிய முட்டை எப்படிச் சிறிதாயிற்று? கொப்புளம் வீடு, அதனுள் குடியிருப்பதே முட்டை என்பது நமக்குத் தெரியும். அவருக்கு அதைத் தெளிய நாள் இருக்கவில்லை. 1673-இல், முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். நம் கல்லூரிப் பாடநூல்களில் 'கிராஃபியன் பாலிக்கிள்' என்று வரும் நுண்பை அவர் பெயரால் ஆனது.

இறப்பதற்குச் சில திங்கள் முன்பு அவர் செய்த ஒரு காரியம் ஊழின் விளையாட்டுப் போலத் தோன்றுகிறது. தம் ஊர்த் துணி வணிகர் ஒருவர் மிகச் சிறந்த நுண்ணோக்கிகள் செய்கிறார் என்று இலண்டன் ராயல் சொசைட்டிக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதினார். அந்த வணிகர்தாம் அந்தோனி வான் லேவன்ஹூக். நான்கு ஆண்டுகள் கழிந்து, 1677-இல், லேவன்ஹூக் விந்துத் துளியில் வாலடித்து நீந்தும் உயிரிகளைக் கண்டார். இது அறிஞர்க்கு அருவருப்பாகத் தோன்றினால் அழித்துவிடுங்கள் என்று கூச்சத்தோடு சங்கத் தலைவருக்கு எழுதினார். அவர்கள் அழிக்கவில்லை. டி கிராஃபின் முட்டைக்குப் போட்டியாக, அவர் அறிமுகப்படுத்தியவரின் கையாலேயே விந்தணு வந்து நின்றது.

பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் இரு கட்சிகள் வழக்காடின. முட்டைக்குள் குழந்தை மடிந்து கிடக்கிறது என்றது ஒன்று. விந்தணுவுக்குள் என்றது மற்றொன்று. 1694-இல் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் கால் மடக்கி அமர்ந்த குட்டி மனிதன் ஒருவனை வரைந்தார். அப்படிக் கண்டதாக அவர் சொல்லவில்லை. காண முடிந்தால் இப்படி இருக்கலாம் என்றே சொன்னார். ஆனால் படம் நிலைத்துவிட்டது, 'இருக்கலாம்' உதிர்ந்துவிட்டது. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குப் பட்டுத்துணியில் காற்சட்டை தைத்துப் போட்டு, விந்து படாவிட்டால் முட்டை குஞ்சாவதில்லை என்று காட்டினார். வேடிக்கையான சோதனை; வலுவான சான்று. ஆனாலும் நீந்தும் உயிரிகளுக்கு இதில் வேலை இல்லை, நீர்மத்துக்கே ஆற்றல் என்று அவரும் தவறாகவே முடித்தார். 1824-இல்தான் பிரெவோ, தூமா என்னும் இருவர் அந்தப் பிழையை நீக்கினர்.

இனி 1827. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரம். எஸ்டோனிய மண்ணில் பிறந்த கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. நாயின் கருக்குழாயில் சிறு முட்டைகளை அவர் கண்டிருந்தார். அவை எங்கிருந்து வருகின்றன என்பதே வினா. பேராசிரியர் புர்டாக்கின் வீட்டில் வளர்ந்த பெண்நாய் ஒன்று அவர் ஆய்வுக்குக் கிடைத்தது. சினைப்பையை அறுத்து நுண்பைகளைப் பார்க்கையில், ஒரு பைக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு வேறு பைகளிலும் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புள்ளி. கத்தி நுனியால் ஒரு நுண்பையைத் திறந்து, புள்ளியை எடுத்து, நீர் நிறைந்த கடிகாரக் கண்ணாடியில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். மின்னல் தாக்கியவர்போல் பின்வாங்கியதாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். மீண்டும் பார்க்க அஞ்சினாராம். கண்டது மாயத்தோற்றமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

வெறுங்கண்ணுக்கே தெரிந்த மஞ்சள் புள்ளி அது. டி கிராஃபின் கத்தியிலும் ஹார்வியின் கத்தியிலும் எத்தனை முறை அது ஒட்டிக்கொண்டு போயிருக்கும்! ஆனால் பேயரும் ஒரு பிழை செய்தார். விந்துக்குள் நீந்துவன ஒட்டுண்ணிகள் என்று கருதி, விந்து விலங்குகள் என்னும் பொருள்படப் பெயரிட்டார். இன்று உலகம் வழங்கும் 'ஸ்பெர்மட்டோசோவா' என்னும் அந்தப் பெயருக்குள் அவர் பிழை புதைந்து கிடக்கிறது. முட்டையைக் கண்டவருக்கு விந்தணு விளங்கவில்லை. இரண்டையும் ஒருங்கே காண இன்னும் ஐம்பது ஆண்டு வேண்டியிருந்தது. 1876-இல் ஆஸ்கார் ஹெர்ட்விக், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கடல் முள்ளெலியின் முட்டையில், இரண்டு உட்கருக்கள் நெருங்கி ஒன்றாவதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில், விந்தணு ஒன்று நட்சத்திர மீனின் முட்டைக்குள் புகுவதை ஹெர்மன் ஃபோல் கண்டார். 1883-இல் வான் பெனெடன் ஓர் உருண்டைப்புழுவின் முட்டையில் குரோமோசோம்களை எண்ணி, தாயின் பங்கும் தந்தையின் பங்கும் சமம் என்று காட்டினார். ஏதென்ஸ் நகரத்து வழக்கில் அப்பல்லோ தோற்ற நாள் அதுவே எனலாம்.

சினைமுட்டை உருவாகும் வகையும் இக்காலத்தில்தான் துலங்கத் தொடங்கியது. 1870-இல் வால்டயர் என்னும் ஜெர்மானியர், பெண் தன் முட்டைகளைப் பிறக்கும்போதே கொண்டுவருகிறாள், பிறகு புதிதாக உண்டாவதில்லை என்றார். 1951-இல் சுக்கர்மன் சான்றுகளைத் தொகுத்து இதை உறுதிசெய்தார். எலிகளில் பின்னரும் முட்டை உண்டாகலாம் என்று 2004-இல் ஓர் ஆய்வு சொல்ல, விவாதம் மூண்டது. பெரும்பாலோர் பழைய கொள்கையிலேயே நிற்கின்றனர். கணக்கு வருமாறு. பெண்கரு தாய் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது அதன் சினைப்பைகளில் அறுபது முதல் எழுபது இலட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பருவம் எய்தும்போது மூன்று அல்லது நான்கு இலட்சம். அவற்றுள் முதிர்ந்து வெளிவருவன வாழ்நாள் முழுவதற்கும் நானூறு, ஐந்நூறுதாம்.

கவிஞர்கள் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டியது இது. நாம் எந்த முட்டையிலிருந்து பிறந்தோமோ அந்த முட்டை, நம் தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உண்டாயிற்று. பாட்டியின் வயிற்றுக்குள் தாய். தாய்க்குள் நம் பாதி. நம் தாய்வழிப் பாட்டி சில திங்கள் நம்மையும் சேர்த்தே சுமந்திருக்கிறாள். இது உருவகமன்று.

அந்த முட்டை அங்கேயே ஒரு பகுப்பைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்கிறது. குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு அது. பன்னிரண்டு ஆண்டோ நாற்பது ஆண்டோ அப்படியே நிற்கும். பிறகு ஒரு திங்களில் சில முட்டைகள் ஒருசேர வளர, அவற்றுள் ஒன்று முந்துகிறது. மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். என்னும் ஹார்மோன் பொங்கிவந்த ஏறத்தாழ 36 மணி நேரத்தில், நின்ற பகுப்பு நிறைவேறி முட்டை வெளிவருகிறது. வெளிவரும்போதே இரண்டாம் பகுப்பைத் தொடங்கி மீண்டும் நிற்கிறது. விந்தணு வந்து தொட்ட பிறகே அந்த இரண்டாம் பகுப்பு முடியும். வராவிட்டால் ஒரு நாளுக்குள் முட்டை அழியும். நெடுங்காலம் நிறுத்திவைத்த பகுப்பில் பிழை நேர்வது உண்டு. வயது ஏற ஏறக் கருத்தரிப்புக் குறைவதற்கும் கருச்சிதைவு மிகுவதற்கும் இது ஒரு தலையாய காரணம்.

முட்டை வெளிவரும் நாள் எது என்பதிலும் ஓர் உவமையே வழிமறித்தது. நாய்க்கு இரத்தப்போக்கு வரும் காலமே இணைசேரும் காலம். ஆகவே பெண்ணுக்கும் அவ்வாறே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் கருதினர். விளைவாக, இரு விலக்குகளுக்கு நடுப்பட்ட நாள்களைக் கருத்தரிக்காத நாள்கள் என்று அறிவுரை சொல்லிவந்தனர். எத்தனை குடும்பங்கள் அதை நம்பினவோ! ஜப்பானின் நிகாட்டா நகரத்து மருத்துவர் ஓகினோ, அறுவை செய்யும்போது சினைப்பைகளைக் கூர்ந்து நோக்கி, அடுத்த விலக்குக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு நாள் முன்னரே முட்டை வெளிவருகிறது என்று 1924-இல் வெளியிட்டார். ஆஸ்திரியாவின் க்னவுஸ் வேறு வழியில் இதையே கண்டார்.

மனித முட்டை கருவுறுவதை முதன்முதல் கண்டவர் ஒரு பெண், ஆய்வக உதவியாளர். மிரியம் மென்கின் என்பது பெயர். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு வேண்டிய படிப்பை முடித்தும் கட்டணம் செலுத்த இயலாமல் பட்டம் பெறாதவர். அமெரிக்காவில் பாஸ்டன் அருகே புரூக்லைன் மருத்துவமனையில் ஜான் ராக் என்னும் மருத்துவரிடம் பணியாற்றினார். அறுவையில் அகற்றப்பட்ட சினைப்பைத் துணுக்குகளிலிருந்து முட்டையைத் தேடி எடுப்பதும், விந்தோடு சேர்ப்பதும், காத்திருப்பதும் வாரந்தோறும் அவர் பணி. ஆறு ஆண்டுகள் ஒன்றும் நிகழவில்லை. 1944 பிப்ரவரியில் ஒருநாள், பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில், விந்தணுக்களை வழக்கம்போல் மூன்று முறை கழுவாமல் ஒரே முறை கழுவினார். கலவையும் அடர்த்தியாகிவிட்டது. அரைமணி நேரத்தில் எடுக்க வேண்டியதை ஒரு மணி நேரம் விட்டுவிட்டார். பிறகு பார்த்தால், முட்டை இரண்டாகப் பகுபட்டிருந்தது. பாதுகாக்கும் முயற்சியில் அந்த முதல் முட்டை தொலைந்துபோயிற்று. விந்தோடு சேர்க்கப்பட்ட 138 முட்டைகளுள், அதன்பின் பெற்றவையும் சேர்த்து, நான்கு கருவுற்றதாக அவ்வாண்டு ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் இருவர் பெயராலும் கட்டுரை வந்தது. குழந்தையின் பல்வலி இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வாரங்கள் ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் ஓரளவு பொருள் உண்டு. விந்தணு வந்தவுடன் முட்டையைத் துளைக்கும் திறன் உடையதன்று. பெண்ணின் உடலில் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பின்னரே அத்திறனைப் பெறுகிறது. இதை 1951-இல் அமெரிக்காவில் எம்.சி.சாங்கும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டினும் தனித்தனியே கண்டனர். 'வயல்' சும்மா கிடக்கவில்லை. வித்தைப் பக்குவம் செய்கிறது.

இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், உடலுக்கு வெளியே முட்டை முதிரப் பன்னிரண்டு மணி நேரம் போதும் என்று முன்னோர் எழுதியதை நம்பிப் பல முட்டைகளை வீணாக்கினார். கூடுதலாகக் காத்திருந்தபோதுதான் முட்டை தன் காலத்தைக் காட்டியது. 1968 முதல் மருத்துவர் ஸ்டெப்டோவும் செவிலி ஜீன் பர்டியும் அவரோடு சேர்ந்தனர். 1971-இல் அரசு ஆய்வு மன்றம் நிதி தர மறுத்தது. 1978 ஜூலை 25 இரவு, ஓல்டாம் நகர மருத்துவமனையில் லூயி பிரவுன் பிறந்தாள். தாயின் ஒரே ஒரு முட்டை ஆய்வகத்தில் கருவுற்றுப் பகுபடுவதை முதலில் நுண்ணோக்கியில் கண்டவர் பர்டி. அவர் பெயரையும் நினைவுக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும் என்று எட்வர்ட்ஸ் எழுதிக் கேட்டும் அப்போது பொறிக்கப்படவில்லை. பர்டி 1985-இல் முப்பத்தொன்பது வயதில் மறைந்தார். 2010-இல் எட்வர்ட்ஸ் நோபல் பரிசு பெற்றார். பர்டியின் பெயர் தாங்கிய கல்வெட்டு 2015-இல் வந்தது.

லூயி பிறந்த எழுபதாம் நாள், அக்டோபர் 3-இல், கல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண்குழந்தை பிறந்தது. அவள் கருவாக வழிசெய்தவர் சுபாஷ் முகர்ஜி. ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருவை உறையவைத்துக் காத்து வேறொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்தார். இம்முறைகள் இன்று உலகெங்கும் நடைமுறையாகிவிட்டன. மாநில அரசு அமைத்த குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. ஜப்பானுக்குச் சென்று பேச அழைப்பு வந்தும் அனுமதி கிடைக்கவில்லை. 1981-இல் கண்மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். முட்டையின் முதிர்ச்சியை ஆராய்ந்தவருக்குக் கண்மருத்துவத்தில் என்ன வேலை? அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இலக்கியம் அவரை மறக்கவில்லை. ரமாபத சவுத்ரியின் வங்கக் கதையைத் தழுவித் தபன் சின்ஹா 1990-இல் எடுத்த 'ஏக் டாக்டர் கி மவுத்' என்னும் இந்திப் படம், அவரைத் தொழுநோய்த் தடுப்பூசி கண்ட மருத்துவராக மாற்றி அக்கதையைச் சொன்னது. அறிவியல் பின்னரே வந்தது. 1986-இல் பம்பாயில் ஹர்ஷா என்னும் குழந்தை பிறக்கக் காரணமாயிருந்த ஆனந்த குமார், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்து, முதற்புகழ் தமக்கன்று, அவருக்கே என்று 1997-இல் எழுதினார். தமக்கு வந்த மாலையைத் தாமே கழற்றிப் பிறர் கழுத்தில் இட்ட இச்செயலை அறிவியல் உலகில் அரிதாகவே காண்கிறோம்.

இவ்வளவு தெரிந்த பின்னும் சொற்கள் மாறினவா? 1991-இல் எமிலி மார்ட்டின் என்னும் அமெரிக்க மானிடவியலார், மருத்துவப் பாடநூல்களின் நடையை ஆராய்ந்தார். விந்தணு படையெடுக்கிறது, துளைக்கிறது, வெல்கிறது. முட்டை மிதக்கிறது, காத்திருக்கிறது, உறங்கும் இளவரசிபோல் எழுப்பப்படுகிறது என்றே அவை எழுதியிருந்ததைக் காட்டினார். அதைப் படித்த அன்று என் பழைய வகுப்புக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 'கோட்டை', 'முற்றுகை', 'வெற்றி வீரன்' மூன்றும் என் கையெழுத்தில் இருந்தன. நம் கவிஞர் நண்பரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி?

உண்மையில் நிகழ்வது வேறு. இருபது, முப்பது கோடி விந்தணுக்களுள் கருக்குழாயை எட்டுவன சில நூறு. முட்டையைச் சூழ்ந்த நீர்மம் அவற்றை ஈர்க்கிறது. 2020-இல் ஸ்டாக்ஹோம், மான்செஸ்டர் ஆய்வாளர் கண்டபடி, வெவ்வேறு பெண்களின் நீர்மம் வெவ்வேறு ஆண்களின் விந்தணுவை மிகுதியாக ஈர்க்கிறது. அது கணவனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விந்தணு முட்டையோடு ஒட்ட இருபுறமும் ஒவ்வொரு புரதம் வேண்டும். விந்தணுவின் புரதத்தை 2005-இல் கண்ட ஜப்பானியர், திருமணத்துக்குப் பெயர்பெற்ற இசுமோ ஆலயத்தின் பெயரை அதற்கு இட்டனர். முட்டையின் புரதத்தை 2014-இல் இங்கிலாந்தில் கண்டவர்கள், உரோமர்களின் மணத்தெய்வமாகிய ஜூனோவின் பெயரை இட்டனர். ஒன்று ஒட்டியவுடன் முட்டை தன் மேற்பரப்பிலிருந்து ஜூனோவை உதிர்த்துவிடுகிறது, புறவுறையையும் இறுக்கிக்கொள்கிறது. இரண்டாவதற்கு இடமில்லை. அந்தக் கணத்தில் முட்டை கோடிக்கணக்கான துத்தநாக அணுக்களை வெளியே வீசுகிறது. சாயமிட்டுப் பார்த்தால் ஒளித்தெறிப்பாகத் தெரியும். எலியின் முட்டையில் 2011-இலும், வேதிப்பொருளால் தூண்டிய மனித முட்டையில் 2016-இலும் இதைக் கண்டவர்கள் 'துத்தநாகப் பொறி' என்று பெயரிட்டனர்.

பன்னிரண்டு விருத்தம் பாடிய நண்பர் இம்மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார். இக்கட்டுரையைக் கையெழுத்துப்படியில் படித்துவிட்டு, "ஐயா, நிலத்தை எடுத்துவிட்டால் நலமும் குலமும் போய்விடுகின்றனவே, எதுகைக்கு என்ன செய்வேன்?" என்றார். "சூலை வையுங்கள், நூல் இருக்கிறது, வேல் இருக்கிறது, பாலும் இருக்கிறது" என்றேன். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.